பட்டியலில் விட்டுப்போன வீடு

இது கதை இல்லை. நடந்தது. எனக்கு நடந்தது. "இருட்டு நேரம், களைப்பா இருந்திருப்பீங்க, ஏதோ தோணியிருக்கும்" என்று இதுவரை என்னிடம் பதினான்கு பேர் சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த மேட்டில் வந்து நிற்கவில்லை. ஓர் இடத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று அளந்து எழுதுவதுதான் என் தொழில். தோன்றியதை நான் எழுதுவதில்லை, அளந்ததைத்தான் எழுதுகிறேன். நம்பாதவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

படித்தால் உங்களுக்குப் பயம் வரலாம். எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான். அதனால் எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, எண்ணெய் போட்டு, ஏதாவது சாப்பிட்டு, கழிப்பறைக்குப் போய்விட்டுக் கிளம்ப ஓர் ஓய்விடம் இருக்கும் இல்லையா, அதை வடிவமைக்கிற அலுவலகம் எங்களுடையது. இந்த முறை கிடைத்த இடம் அழகான வயல்வெளி. அதன் நடுவில் இருநூறு காரும் நாற்பது லாரியும் நிற்க வேண்டும். அனுமதி கொடுத்தவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். சுற்றிலும் ஆள் குடியிருக்கிற எந்த வீட்டு வாசலில் நின்று பார்த்தாலும் ஓய்விடம் தெரியக் கூடாது. பகலில் கட்டடம் தெரியக் கூடாது, இருட்டினால் விளக்கு தெரியக் கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனாலும் அதை நேர்மையாகச் செய்யலாம் என்று நான் நம்பினேன். கூரையில் புல் வளர்த்தோம். சுவரில் அந்த நிலத்துக் கல்லையே பதித்தோம். வண்டி நிறுத்தத் தோண்டிய மண்ணை எல்லாம் குதிரை லாடம் மாதிரி வளைத்துக் கொட்டி, மேலே புல் போர்த்தி, பார்ப்பவர்கள் இது எப்போதும் இங்கேயே இருந்த குன்று என்று நினைக்கும்படி ஒரு மேடு எழுப்பினோம்.

மேடு எங்கே, எவ்வளவு உயரம் என்பதை வீடுகள்தான் முடிவு செய்யும். அதனால் வரைபடம் போடும் முன்பே ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவோம். ஆள் வந்தால் அவர்கள் வாசலிலேயே நின்று, ஒன்று புள்ளி ஆறு மீட்டர் உயரத்தில், அதாவது ஒரு மனிதர் நின்றால் கண் இருக்கிற உயரத்தில், படம் எடுப்போம். யாரும் வராவிட்டால் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். முழு அறுபது விநாடி. அது அப்பா வைத்த விதி. அதன் பிறகு கதவிடுக்கில் ஓர் அட்டையைச் செருகிவிட்டு வருவோம். அதில் அச்சிட்டிருக்கும் வரிகள் இவை: "கதவைத் தட்டினோம். ஒரு நிமிடம் காத்திருந்தோம். யாரும் வரவில்லை." கீழே நாங்கள் எழுதும் தேதி, நேரம், எங்கள் தொலைபேசி எண். அதற்கும் கீழே அவர்கள் நிரப்புவதற்கு மூன்று கேள்விகள். வீட்டில் எத்தனை பேர்? வாசலிலிருந்து என்ன தெரிகிறது? மறுபடி எப்போது வரலாம்?

நான் கதவு தட்டுகிற விதம் ஒன்று உண்டு. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, இன்னொரு தட்டு. டக் டக்... டக். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டில் எல்லாருக்கும் தெரியும், வந்திருப்பது நான் என்று.

அலுவலகம் அப்பாவுடையது. அவர் நாற்காலியைத் தம்பிக்குக் கொடுத்தார், பேனாவை எனக்குக் கொடுத்தார். இந்தப் படிப்பைப் படித்தது நான், வயல் வரப்பில் அலைவது நான், கையெழுத்துப் போட உரிமம் இருப்பது எனக்கு. நாற்காலியில் சுற்றிக்கொண்டு தொலைபேசி எடுப்பது அவன். வெளியாட்கள் வந்தால் "அக்கா இல்லாம இந்த ஆபீஸே இல்லீங்க" என்பான். அதைக் கேட்டால் எனக்கு எரிகிற அடுப்பில் இன்னும் ஒரு விறகு வைத்த மாதிரி இருக்கும்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை திறப்பு விழா. கடைசியாக ஒரு சோதனைதான் பாக்கி. ஓய்விடத்தின் விளக்குகள் அத்தனையையும் எரியவிட்டு, சுற்றி இருக்கிற பதினேழு வீட்டு வாசல்களிலும் நின்று, வெளிச்சம் தெரிகிறதா என்று மீட்டரில் பார்த்து, படம் எடுத்து, படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருட்டின பிறகுதான் அதைச் செய்ய முடியும்.

காலையிலேயே எனக்கும் தம்பிக்கும் சண்டை. அவன் அந்தப் படிவத்தை முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தான். பதினேழு கட்டத்திலும் "தெரியவில்லை", "தெரியவில்லை" என்று அச்சடித்து, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தான். போய்ப் பார்க்காமல் போட மாட்டேன் என்றேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, எப்படியும் இன்று ராத்திரிக்குள் கையெழுத்து வந்துவிட வேண்டும் என்றான். வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மேடு முழுக்க மரக்கன்று நட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த மேட்டை யாரும் தொட முடியாது. வராவிட்டால் திறப்பு விழா நிற்கும், அப்பா பெயர் போட்ட அலுவலகமும் கிட்டத்தட்ட மூடின மாதிரிதான். எல்லாம் என் பேனா முனையில் இருந்தது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மாலை 6.10க்கு முதல் வீட்டில் ஆரம்பித்தேன். தனியாகத்தான் போனேன். என் காரில் மீட்டர், கேமரா, கோணம் பார்க்கும் கருவி, வரைபடச் சுருள், ஒரு கட்டு அட்டை. போன மாதம் எங்கள் தொலைபேசி எண் மாறியதால் அட்டையைப் புதிதாக அச்சடித்திருந்தோம். பழையது வெள்ளை, புதியது பச்சை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு ஐந்து நிமிடம். கதவு தட்டு, வணக்கம் சொல்லு, வாசலில் நில்லு, மீட்டரைப் பார், படம் எடு, அடுத்த வீடு. தம்பியை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனதில் நான் மீட்டரைத்தான் பார்த்தேன், மேட்டைச் சரியாகப் பார்க்கவில்லை. ஓய்விடத்தின் விளக்கு எதுவும் தெரியவில்லை, அது உண்மை. மேடு தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

7.05க்குப் பன்னிரண்டாவது வீடு. அந்த வீட்டம்மா கையில் பாதி மடித்த துணியோடு வந்தார். நான் வாசலில் நின்று, "ஒண்ணும் தெரியலைங்க, இருட்டாத்தான் இருக்கு" என்றேன்.

"மத்ததெல்லாம் தெரியலதாங்க," என்றார் அவர். "மேட்டுல ஒரு விளக்கு வச்சிருக்கீங்களே, அது மட்டும் தெரியுது. ஆரம்பத்துலருந்தே எரியுது. நானும் சொல்லணும்னு இருந்தேன்."

மேட்டில் விளக்கே கிடையாது. மேடு என்பது வெறும் மண்ணும் புல்லும். வரைந்தவள் நான்.

நிமிர்ந்து பார்த்தேன். இருந்தது. மேட்டுச் சரிவில், கொஞ்சம் கீழே, மஞ்சளாக, மங்கலாக. அசையாமல்.

எனக்கு வந்தது கோபம்தான், பயம் இல்லை. எவனோ எலெக்ட்ரீஷியன் வேலை முடிந்து ஒரு குண்டு பல்பை எரியவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். தம்பியைக் கூப்பிட்டேன். மேட்டில் கரண்டே இழுக்கவில்லை என்றான். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னான். பிறகு கொஞ்சம் மெதுவான குரலில், "அக்கா, மேட்டைப் பத்தி ஒண்ணும் எழுதாத. போட்டுட்டு வந்துரு" என்றான்.

அவன் குரல் மெதுவாகும்போதெல்லாம் பொய் இருக்கும். ஐந்து வயதிலிருந்து பார்க்கிறேன்.

கேமராவில் முதல் படத்துக்குப் போனேன். விளக்கு இருந்தது. இரண்டாவதில் இருந்தது. பதினொரு வீட்டிலிருந்து எடுத்த பதினொரு படத்திலும் இருந்தது. அதில் ஏதோ சரியில்லை என்று மட்டும் பட்டது, என்ன என்று உடனே பிடிபடவில்லை.

பிறகு புரிந்தது. முதல் வீடு மேட்டுக்குக் கிழக்கே. பதினொன்றாவது மேட்டுக்கு மேற்கே. ஒரு சரிவில் வைத்த விளக்கு இரண்டு பக்கமும் எப்படித் தெரியும்?

படத்தைப் பெரிதாக்கினேன். வெளிச்சம் வட்டமாக இல்லை. நீள்சதுரமாக இருந்தது. நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி. முதல் படத்தில் அது வெறுமையாக இருந்தது. ஐந்தாவது படத்தில் ஓரத்தில் ஏதோ கறுப்பாக இருந்தது. பதினொன்றாவதில் அந்தக் கறுப்பு நடுவுக்கு வந்திருந்தது. தலை, தோள்...

கேமராவை அணைத்தேன்.

7.18. கார் போனெட்டில் வரைபடத்தை விரித்தேன். மனம் தடுமாறினால் எனக்குத் தெரிந்த ஒரே மருந்து அளப்பது. பன்னிரண்டாவது வீட்டிலிருந்து விளக்கு இருக்கிற திசைக்கு ஒரு கோடு போட்டேன், கோணம் குறித்தேன். பதின்மூன்றாவது வீட்டுக்கு ஓட்டிப் போய், கதவு தட்டாமலே வாசலில் நின்று, இன்னொரு கோடு போட்டேன். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில்தான் விளக்கு இருக்க வேண்டும். கோணத்தை வைத்து உயரமும் கண்டுபிடிக்கலாம்.

கணக்கை மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் ஒரே விடை.

விளக்கு மேட்டின் மேல் இல்லை. மேட்டுக்குள் இருந்தது. புல்லிலிருந்து நாலரை மீட்டர் கீழே. மேடு போடுவதற்கு முன்னால் அங்கே இருந்த தரையிலிருந்து சரியாக ஒன்று புள்ளி ஆறு மீட்டர் உயரத்தில்.

ஒரு மனிதர் நின்றால் கண் இருக்கிற உயரத்தில்.

பழைய வரைபடத்தை அடியிலிருந்து உருவினேன். கோடுகள் வெட்டிய இடத்தில் ஒரு சின்னக் கட்டம். பக்கத்தில் என் கையெழுத்து. "காலிக் கட்டடம். இருந்தபடியே மூடலாம்."

ஒன்பதாம் எண் வீடு.

இதைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் பட்டியலில் பதினெட்டு வீடுகள் இருந்தன. ஒன்பதாவது ஒரு பள்ளத்துக்குள் இருந்தது. தாழ்ந்த கான்கிரீட் கூரை, கம்பியும் தடித்த கண்ணாடியும் வைத்த ஒரே ஜன்னல், வெளிப்பக்கம் திறக்கிற இரும்புக் கதவு. அந்தப் பள்ளத்தில் செல்போனுக்குச் சிக்னல்கூட கிடையாது. பதினொரு மாதத்துக்கு முன், ஒரு நாள் பகல் 11.20க்கு நான் போய்த் தட்டினேன். டக் டக்... டக். எண்ண ஆரம்பித்தேன். இருபது எண்ணுவதற்குள் மேலே சாலையில் காருக்குள் உட்கார்ந்திருந்த தம்பி ஹாரன் அடித்தான். விடாமல் அடித்தான். பசி வந்தால் அவனுக்குப் பத்தும் பறந்துபோகும். எனக்கு அவன்மேல் வந்த எரிச்சலில் மீதி நாற்பதை விட்டுவிட்டேன். அட்டையைச் செருகினேன், "ஆளில்லை" என்று எழுதினேன், ஏறி வந்து அவனைத் திட்டினேன். இருபது விநாடிதான் நின்றேன் என்று அவனிடம்கூட சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒன்பதிலிருந்து பதில் வந்ததா என்று அவனைக் கேட்டேன். வரவில்லை என்றான். நிலத்தைக் கொடுத்தவர் வேறு ஊரில் இருந்தார். அவரும் அது காலி வீடுதான் என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்பதை அடித்தோம். பதினெட்டு, பதினேழு ஆனது. அந்த ஒரு வீடு இருந்தால் மேட்டையே நகர்த்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பள்ளத்தின் மேலேயே போட்டுவிடலாம். இடித்து அள்ளுவதைவிட மூடுவது சுலபம். மண் லாரிகள் ஒரு விடிகாலையில் ஆரம்பித்து மறுநாள் மதியத்துக்குள் பள்ளத்தை நிரப்பிவிட்டன.

7.38. ஓய்விடத்து வாசலில் காரை நிறுத்தினேன். காவலாளி எழுந்து வந்தார். மேட்டில் யார் விளக்கு வைத்தது என்று கேட்டேன்.

"விளக்கு நான் பாத்ததில்லைம்மா," என்றார். மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சத்தம்தான் கேக்கும்."

"என்ன சத்தம்?"

"தட்டுற சத்தம். நான் வேலைக்கு வந்த நாள்லருந்து கேக்குது. சார்கிட்ட மூணு தடவை சொன்னேன். தண்ணிக் குழாய் அடிக்குதுன்னாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னாரு."

மேட்டுக்குள் தண்ணீர்க் குழாயும் கிடையாது.

டார்ச்சை வாங்கிக்கொண்டு நான் ஏறினேன். அவர் அடிவாரத்திலேயே நின்றுவிட்டார். கூப்பிட்டேன், தலையை ஆட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆறு மாதமாகத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வரைபடத்தில் கோடுகள் வெட்டிய இடத்துக்கு காலடியால் அளந்துகொண்டே போனேன். புல் ஈரமாக இருந்தது. மரக்கன்றுக்காக அடித்திருந்த ஒரு முளைக்குச்சி மட்டும் நின்றது. விளக்கு எதுவும் இல்லை. ஒரே இருட்டு. கீழே நெடுஞ்சாலையில் வண்டிகள் போகிற இரைச்சல்.

7.44.

டக் டக்... டக்.

என் காலுக்குக் கீழே.

கல் உருண்ட சத்தம் இல்லை. இரும்பில் விரல் முட்டி படுகிற சத்தம். இரண்டு. இடைவெளி. ஒன்று.

அது என் தட்டல்.

மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வாய் தானாக எண்ண ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று... இருபதைத் தாண்டியது. நாற்பது. ஐம்பது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது...

டக் டக்... டக்.

7.45.

மறுபடி எண்ணினேன். மறுபடி சரியாக அறுபது.

டக் டக்... டக்.

அவர் தட்டினார். காத்திருந்தார். தட்டினார். நான் விட்டுவிட்டுப் போன நிமிடத்தை அவர் ஒவ்வொரு முறையும் முழுசாக எண்ணினார்.

குப்புறப் படுத்து காதைப் புல்லில் வைத்தேன். குளிரவில்லை. அந்த ஓர் இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. நெற்றியில் கை வைத்துப் பார்த்த மாதிரி.

"யாருங்க?" என்றேன்.

சத்தம் நின்றது.

7.49. 7.50. ஒன்றும் இல்லை.

பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த சத்தம்...

நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. என் பயத்தைவிட என் கோபம் பெரிதாக இருந்தது. பையில் கை விட்டு ஒரு பச்சை அட்டையை எடுத்தேன். தட்டிய வீட்டுக்கு அட்டை வைக்க வேண்டும். இதுவும் ஒரு வீடு. முதல் பட்டியலில் இருந்தது. தேதி எழுதினேன். நேரம் 7.52 என்று எழுதினேன். முளைக்குச்சியின் பிளவில் செருகினேன்.

இறங்கி வந்து 7.55க்குத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"ஒன்பதாம் நம்பர்லருந்து போன் வந்துச்சா?"

அவன் நாற்காலி கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது.

"உன்னைத்தான் கேக்கறேன். வந்துச்சா, இல்லையா?"

"அக்கா..." என்றான். "போயிருப்பார்னு நெனச்சேன்."

காவலாளியின் மேசையிலேயே அந்தப் படிவத்தை வைத்தேன். பதினேழு "தெரியவில்லை"யையும் குறுக்கே அடித்தேன். பதினெட்டாவதாகக் கையால் ஒரு வரி சேர்த்தேன். "ஒன்பதாம் எண் வீடு. ஆள் இருக்கிறார்." அதன் கீழேதான் கையெழுத்துப் போட்டேன். அன்று ராத்திரியே அதை அனுமதி கொடுத்த அதிகாரியின் வீட்டுக்கும் போலீஸுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பைத்தியம் என்று நினைத்தார்கள். ஆனால் விளக்கு தெரியவில்லை என்ற என் கையெழுத்து இல்லாமல் திறக்க முடியாது என்பது அவர்களே போட்ட சட்டம். திறப்பு விழா நின்றது. தம்பி என் வீட்டு வாசலில் வந்து அழுதான். கதவைத் தட்டினான். நான் அறுபது எண்ணினேன், திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை காவலாளி கூப்பிட்டார். முளைக்குச்சி அப்படியே இருக்கிறதாம், அட்டையைக் காணவில்லையாம். காற்றில் போயிருக்கும் என்றேன். ராத்திரி காற்றே இல்லைம்மா என்றார்.

அன்றே அலுவலகத்துக்குப் போய் தம்பியின் தொலைபேசி நோட்டைப் புரட்டினேன். நான் அட்டை வைத்த மறுநாள் தேதியில் அவன் கையெழுத்து: "9. ஒரு ஆள் இருக்காராம். ராத்திரி வேலை. காய்ச்சலாம். சிக்னலுக்காக ரோட்டுக்கு ஏறி வந்து பேசறாராம்." அதன்மேல் ஒரே ஒரு கோடு. நல்ல நேரான கோடு, ஸ்கேல் வைத்து அடித்தது. நிலத்தைக் கொடுத்தவருடைய அண்ணன் அவர் என்று பிறகு தெரிந்தது. கூடப் பிறந்தவனே காலி வீடு என்று எழுதிக் கொடுத்துவிட்டான். என் கூடப் பிறந்தவன் அதை வாங்கி வைத்துக்கொண்டான். நான் மூடலாம் என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை மேட்டைத் திறந்தார்கள். கான்கிரீட் கூரை நொறுங்காமல் தாங்கியிருந்தது. இரும்புக் கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. மண் அதை இறுக்கிப் பிடித்திருந்தது. ராத்திரி வேலை முடிந்து வந்து விடிகாலையில் படுத்தவர் எழுந்தபோது, அது திறக்காமல் போயிருக்கிறது. கதவுக்கு உள்பக்கம் ஒரு நாற்காலி. நாற்காலியில் அவர். உடலைப் பார்த்த மருத்துவர், இறந்து கிட்டத்தட்ட பத்து மாதம் ஆகியிருக்கும் என்று எழுதினார். கதவின் உள்பக்கத்தில், விரல் முட்டி படுகிற உயரத்தில், பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது.

எலும்பாகிப்போன அந்தக் கையில் இரண்டு அட்டைகள் இருந்ததாகச் சொன்னார்கள். அடையாளம் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள்.

முதலாவது வெள்ளை. நான் கதவிடுக்கில் செருகியது. வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்குப் பென்சிலால் "ஒருவர்" என்று எழுதியிருந்தார். அச்சடித்த வரியில் "ஒரு நிமிடம்" என்பதை அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் "இருபது விநாடி. எழுந்து வந்துகொண்டிருந்தேன்" என்று எழுதியிருந்தார்.

இரண்டாவது பச்சை.

அந்த அட்டை அச்சாகி ஒரு மாதம்தான் ஆகிறது. அதில் என் கையெழுத்தில் அந்த வெள்ளிக்கிழமையின் தேதி. நேரம் 7.52. அதற்கும் அவருக்கும் நடுவில் இருந்தது கான்கிரீட் கூரையும் மூன்று மீட்டர் மண்ணும். திறக்கும்வரை ஒரு பிடி மண்கூட உள்ளே போகவில்லை என்று போலீஸ் அறிக்கையிலேயே இருக்கிறது.

மூன்று கேள்விகளையும் அவர் நிரப்பவில்லை. அச்சடித்த வரியில் இரண்டே வார்த்தைகளை மட்டும் அடித்து, மேலே வேறு இரண்டை எழுதியிருந்தார். அதே பென்சில். அதே கையெழுத்து.

"கதவைத் தட்டினோம். பதினொரு மாதம் காத்திருந்தோம். யாரும் வரவில்லை."